சி-14 போட்ட ஓட்டு

மயூர் விஹார், தில்லி,
6.5.2025

சௌபாக்கியவதி ஜ்யோத்ஸ்னாவுக்கு அப்பாவின் ஆசீர்வாதம். இங்கே அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, எனக்கு ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது, மற்றபடி நலம். எட்மன்டனில் பனி விட்டிருக்கும், நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேசாமல் இதென்ன கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசினால் கத்திவிடுவேன், அம்மா போனைப் பிடுங்கிக்கொள்வாள். தவிர, இதோடு வைத்திருக்கும் பாரத்தில் நீ மையால் கையெழுத்துப் போட்டு அனுப்பியாக வேண்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் சொசைட்டியின் நடு மைதானத்தை கார் பார்க்கிங் ஆக்கலாமா என்று மெயிலில் ஓட்டெடுப்பு வைத்தார்கள் இல்லையா, ஞாயிற்றுக்கிழமை செக்ரட்டரி ராஜாராமன் முடிவை நோட்டீஸ் போர்டில் ஒட்டினார். ஆக்கலாம் முப்பத்தொன்று, கூடாது முப்பது. எந்த ஃப்ளாட் எதற்குப் போட்டது என்று கீழே பட்டியல் வேறு. சி-14, ஆக்கலாம். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தேன். எனக்குப் பின்னால் மேல்வீட்டு உதயா நின்றிருந்தாள், பத்து வயது, இந்த வருஷம் சி பிளாக்குக்குப் பந்து வீசப்போகிறவள். அங்கிள், யே தோ ஆப்கா ஃப்ளாட் ஹை, இது உங்க ஃப்ளாட்தானே, நீங்களா போட்டீங்க என்றாள். என் வீடுதான் என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். பாலை வாங்கி வர மறந்ததற்கு அம்மாவிடம் தனியாக வாங்கிக்கட்டிக்கொண்டேன்.

ஏனம்மா இப்படி ஓட்டுப் போட்டாய்? நீ அந்த மைதானத்தில் ஆடாதவளா? கிரிக்கெட்டில் பையன்கள் பெண் பிள்ளைகளைச் சேர்ப்பதில்லை என்று டிரில் மாஸ்டர் இஸ்மாயில் சார் எண்பத்தெட்டில் எங்கிருந்தோ ஒரு பேஸ்பால் மட்டையும் நாலு கையுறையும் கொண்டுவந்தார், இது யாருக்குமே ஆடத் தெரியாது, அதனால் எல்லோரும் சமம் என்றார். அன்றிலிருந்து மே கடைசி ஞாயிறு ஏ பிளாக்குக்கும் சி பிளாக்குக்கும் மேட்ச், தோற்ற பிளாக் வீடுகள் எல்லோருக்கும் தயிர்சாதம் போட வேண்டும். கொரோனா வருஷங்கள் இரண்டைத் தவிர நின்றதே இல்லை. நான் எழுதிய ஸ்கோர் நோட்டுகள் பதினொன்று பீரோவில் இருக்கின்றன. எட்மன்டன் குழந்தைகள் பேஸ்பால் ஆடுவதைப் படம் எடுத்து, அப்பா, நம்ம மைதானம் மாதிரியே இருக்கு என்று அனுப்பியதும் நீதானே?

அம்மா என்னைத்தான் சொல்கிறாள். ஆறு வருஷமா ஞாயித்துக்கிழமை போன்ல பார்க்கிங் பார்க்கிங்னு அந்தக் குழந்தை காதுல ஓதினது யாரு, அப்பா கஷ்டப்படறாரேன்னு போட்டிருப்பா என்கிறாள். பக்கத்து வீட்டுக்காரரின் பெரிய வண்டி என் வண்டியை மறிக்கிறது என்று புலம்பியது வாஸ்தவம். அதற்காக மைதானத்தை எடுத்துக் கொடு என்றா கேட்டேன்? ஆனால் ஃப்ளாட்டை உன் பெயருக்கு மாற்றியதும் நான், சொசைட்டி மெயில் கண்றாவியெல்லாம் எனக்கு வேண்டாம், நீயே பார்த்துக்கொள் என்றதும் நான். இருந்தாலும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் நீ. எரிச்சல் எரிச்சலாக வருகிறது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

ராஜாராமனிடம் போய் நின்றேன். ஓட்டை மாற்ற மெயில் செல்லாதாம், உரிமையாளர் கையெழுத்திட்ட அசல் பாரம்தான் வேண்டுமாம். பத்தொன்பதாம் தேதிக்குள் அது அவர் கைக்கு வந்தால் முடிவு தலைகீழாகிவிடும். வராவிட்டால் இருபதாம் தேதி ஜேசிபி வருகிறது. குழந்தைகள் அது தெரிந்தும் தினமும் சாயங்காலம் பயிற்சி செய்கிறார்கள், நான் ஜன்னலை மூடி வைத்திருக்கிறேன்.

இன்னொன்று. உன் பன்னிரண்டாம் வயதில் கடைசிப் பந்தை நழுவவிட்டாயே, அது கல்லில் பட்டுத் திரும்பிய பந்து. நான் பார்த்தேன். சொந்த மகளுக்குச் சலுகை என்று பேசுவார்களே என்று பயந்து உன் பெயருக்கு நேரே தப்பு என்று எழுதினேன். அம்மா தயிர்சாதம் பிசைந்தாள், நீ ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. நேற்று அந்த நோட்டை எடுத்து அதை அடித்துவிட்டேன். இந்த வருஷ நோட்டில் முதல் தப்பை என் பெயரில் எழுதியிருக்கிறேன்.

மாப்பிள்ளைக்கு என் ஆசி. இருவரும் நோய்நொடியில்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். கறுப்பு மை, பாஸ்போர்ட்டில் உள்ள அதே கையெழுத்து, கிடைத்த அன்றே கூரியர். தேதி போட மறக்காதே.

இப்படிக்கு,
உன் அப்பா
கோபாலன்

பின்குறிப்பு: இன்று காலை முதல் காரை கேட்டுக்கு வெளியே மெயின் ரோட்டில் விட ஆரம்பித்திருக்கிறேன். மத்தியானத்துக்குள் யாரோ அதன் கதவில் நீளமாக ஒரு கோடு கிழித்துவிட்டார்கள். புகார் இல்லை, தகவல்தான்.