மூன்று பேர் போன தேனிலவு

அத்தை,

நேற்று உங்கள் பீரோவைத் திறந்தோம். முதல் திதி முடியட்டும் என்று உங்கள் பிள்ளை ஒரு வருடமாகச் சாவியைத் தொடவிடவில்லை. கதவு திறந்ததும் அந்துருண்டை வாசம் வந்தது. நீங்கள் பட்டு எடுக்கும் நாட்களில் மட்டும் பெருமாள்புரம் வீட்டில் வரும் வாசம். அடித்தட்டில் பழைய வேட்டித் துணியில் சுற்றி உங்கள் முகூர்த்தப் பட்டு இருந்தது. விரித்தபோது விரலில் ஏதோ குத்தியது. முந்தானையின் உள்பக்கம் ஒரு வட்ட பேட்ஜைக் குத்தி வைத்திருக்கிறீர்கள். 'புதுமணத் தம்பதி' என்று ஆங்கிலத்தில் எழுதி, ஓரத்தில் பூ வரைந்தது. சிங்கப்பூரில் அந்தத் தீம் பார்க் வாசலில் எங்கள் இருவருக்கும் கொடுத்ததில் ஒன்று.

"இத எதுக்கு அம்மை பத்திரமா வச்சிருந்தா?" என்று உங்கள் பிள்ளை கேட்டார்.

எனக்குத் தெரியும். எட்டு வருடமாகத் தெரியும். தெரிந்தும் ஒன்றும் செய்யாமல் இருந்துவிட்டேன் என்பதுதான் நேற்றிலிருந்து என்னை அரிக்கிறது.

எங்களுக்கு ஆனியில் கல்யாணம். அவருக்கு லீவு கிடைத்ததோ ஜூலை நடுவில். கல்யாணமாகிப் பத்து நாள்கூட ஆகாத மருமகள் நான், சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு ஹோட்டல் தேடினேன். பார்க்கை ஒட்டின ஹோட்டல், மூன்று ராத்திரி, ரத்து செய்தால் பணம் திரும்பாது என்று போட்டிருந்தது. நாம் ஏன் ரத்து செய்யப் போகிறோம் என்று அழுத்திவிட்டேன். பார்க்குக்குள்ளே ஒரு சாப்பாட்டுக் கடை, சுவரெல்லாம் கண்ணாடி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கடல் மீன்கள். அங்கே இரண்டு பேருக்கு ஒரு மேசை பிடிக்க வேண்டும் என்பது என் ஆசை. இரண்டு வாரம் முன்னால்தான் பதிவு திறப்பார்கள். அங்கே பத்து மணி, நமக்குக் காலை ஏழரை.

"ஏழரைன்னு வாயால சொல்லாத. ஏழு முப்பதுன்னு சொல்லு" என்றீர்கள். சொல்லிவிட்டு, காப்பி டம்ளரோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தீர்கள். மேசை கிடைத்ததும் என்னைவிட உங்களுக்குத்தான் சந்தோஷம். டெலிபோன் ஆபீஸில் முப்பது வருடம் டிரங்க் கால் போட்டுக் கொடுத்தவர் அல்லவா, கம்ப்யூட்டரை நம்பாமல் நீங்களே அந்தக் கடைக்குப் போன் செய்தீர்கள். ரிசீவரை எடுத்தால் நீங்கள் வேறு ஆள். நிதானமான ஆங்கிலம். மீன் சாறு கூடாது, சிப்பிச் சாறு கூடாது, முட்டையும் கூடாது. என் பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னீர்கள். எதிர்ப்பக்கம் தடுமாறினால், "நான் லைன்லயே இருக்கேன், பாத்துச் சொல்லுங்க" என்பதை ஆங்கிலத்தில் அவ்வளவு அழகாகச் சொல்வீர்கள்.

அன்று சாயங்காலம் அடுப்படியில் தினசரிக் காலண்டரைப் புரட்டிப் பார்த்தவரும் நீங்கள்தான். லேப்டாப் காலண்டரில் தமிழ் மாதம் இல்லை. நாங்கள் கிளம்பும் நாள் ஆடி ஒன்று.

ஆடியில் புதுப்பெண் புருஷனோடு இருக்கக் கூடாது. பிறந்த வீட்டுக்குப் போய்விட வேண்டும். சித்திரையில் பிள்ளை பிறந்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று ஒரு கணக்கு. இதெல்லாம் தெரியாமலா வளர்ந்தேன்? ஆசை கண்ணை மறைத்துவிட்டது. என் அம்மா போனில் ஒரே பிடியாக நின்றாள். "பணம் போனாப் போவுது, நீ ஆடிக்கு இங்கன வந்து சேரு." நான் மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். அவருக்கு அடுத்த லீவு தையில்தான்.

நீங்கள் போனை வாங்கினீர்கள். "மதினி, நீங்க சொல்லுதது சரிதான். நானும் கூடப் போறேன். அவ என் ரூம்ல இருப்பா, அவனுக்குத் தனி ரூம். பெத்த வீட்டுல இருந்த மாதிரிதான்." மூத்த மகள் பிரசவத்துக்கு மஸ்கட் போக எடுத்த பாஸ்போர்ட் கையில் இருந்தது. மறுநாளே இன்னொரு அறை போட்டாயிற்று. என் அம்மா சமாதானமானாள். எனக்கு உங்கள் மேல் வந்த கோபம் இருக்கிறதே, விமானத்தில் சன்னல் பக்கம் திரும்பியவள் இறங்கும் வரை முகம் கொடுக்கவில்லை. தேனிலவுக்கு மாமியாரா என்று மனசுக்குள் எத்தனை தடவை கேட்டிருப்பேன்.

ஹோட்டலில் எதிரெதிர் அறைகள். என் பெட்டியை உருட்டிக்கொண்டு உங்கள் பின்னால் வந்தேன். கதவை மறித்து நின்றீர்கள்.

"ஏட்டி, பெட்டிய இங்கன எதுக்குக் கொண்டாற? அங்கன கொண்டு போ."

"அம்மா போன் பண்ணுவாளே அத்தை."

"பண்ணுனா, பக்கத்துல படுத்துத் தூங்குதான்னு சொல்லுதேன். அதுக்குத்தான நான் வந்திருக்கேன்."

"சித்திரையில பிள்ளை பிறந்தா?"

"பிறந்தா நான் விசிறி வச்சி வீசுதேன். போ பைய."

கதவைச் சாத்திவிட்டீர்கள். நான் அந்தத் தாழ்வாரத்தில் சிரித்தேனா அழுதேனா என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை.

அந்த மேசை இரண்டாம் நாள் சாயங்காலம். உங்கள் பிள்ளை அன்று மத்தியானம் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, தலைகீழாகச் சுற்றும் ராட்டினத்தில் இரண்டு தடவை ஏறினார். சொன்னால் கேட்கிற ஆளா? வாந்தி எடுத்து, எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டு படுத்துவிட்டார். நானும் போகவில்லை என்றேன். உங்கள் முகம் மாறிவிட்டது.

"புக் பண்ணுன இடம் சும்மா கிடக்கக் கூடாது. வா, நாம போவோம்."

அந்த மேசையில் ரோஜா இதழ் தூவி வைத்திருந்தார்கள். மாமியாரும் மருமகளும் எதிரெதிரே உட்கார்ந்தோம். பரிமாற வந்த பெண், என் பையின் மேல் கிடந்த அவருடைய பேட்ஜைப் பார்த்துவிட்டு, உங்களுக்குத்தான் என்று நினைத்து எடுத்து நீட்டினாள். நீங்கள் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டீர்கள். மாமா போய் அப்போதே பதினாறு வருடம். அவள் சிரித்த முகமாக நீட்டிக்கொண்டே நின்றாள். கடைசியில் வாங்கி, தோளில் குத்திக்கொண்டீர்கள்.

ஒரு பெரிய மீன் கண்ணாடி அருகே வந்து நின்றது. "என்ன இப்படிப் பாக்கு? நாம சைவம்னு இதுக்கு யாராச்சும் சொல்லுங்க" என்றீர்கள். நான் சிரித்து முடிக்கும் முன்னே, மீனைப் பார்த்தபடியே சொன்னீர்கள்:

"கல்யாணம் ஆன புதுசுல கன்னியாகுமரியில ஒரு ரூம் போட்டோம். கடலப் பாத்த ரூம். போர்டுல நானே லைன் போட்டு, நானே பேசி, என் பேருல புக் பண்ணுனேன். மறுவாரம் ஆடி. எங்கம்மை வந்து கூட்டிட்டுப் போயிட்டா. ஆவணியில போவோம்னாரு உங்க மாமா. ஆவணியில அவுக அப்பாவுக்கு முடியாமப் போச்சு. பெறகு பிள்ளைக, டியூட்டி, எல்லாம். அப்புறம் போவோம்னு சொன்ன ஊருக்கு யாரு போயிருக்கா?"

"இந்தா இருக்கிற கன்னியாகுமரிக்கா அத்தை?"

"இந்தா இருக்குன்னுதான் போகல." கொஞ்சம் கழித்து, "அவங்கிட்ட சொல்லாத. அவங்க அப்பா மேல குறைன்னு நினச்சிருவான்" என்றீர்கள்.

சித்திரையில் பிள்ளை பிறக்கவில்லை. அது பிறந்தது மூன்று வருடம் கழித்து, நல்ல மார்கழிக் குளிரில். ஆனால் தேனிலவுக்குப் போன மாமியார் என்ற பெயர் மட்டும் சொந்தத்தில் உங்களுக்கு நிலைத்துவிட்டது. எந்தக் கல்யாண வீட்டுப் பந்தியிலும் அதைச் சொல்லிச் சிரிக்காமல் விட்டதில்லை. உண்மையைச் சொன்னால் என் அம்மாவிடம் நான் மாட்டுவேன் என்று நீங்கள் இலையைப் பார்த்துச் சாப்பிட்டீர்கள். நானும் சேர்ந்து சிரித்தேன் அத்தை. அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அதைவிட மோசம், கன்னியாகுமரி. நம் வீட்டிலிருந்து இரண்டு மணி நேரம். நீங்கள் இருந்த ஏழு வருடத்தில் திருச்செந்தூருக்கு எத்தனை தடவை கூட்டிப் போயிருப்போம். ஒவ்வொரு தடவையும் எனக்கு ஞாபகம் வரும். "அடுத்த லீவுக்குக் கன்னியாகுமரி போவோம் அத்தை" என்பேன். நீங்கள் "போவோம், போவோம்" என்று தலையாட்டுவீர்கள். நீங்கள் சொன்னதையே உங்களிடம் நான் செய்திருக்கிறேன்.

நேற்று உங்கள் பிள்ளையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வாக்குத் தவறியதற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள். அப்பா மேல் அவருக்குக் குறை ஒன்றும் வரவில்லை. பட்டை மடியில் வைத்துக்கொண்டு முந்தானையைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, "ஆடி எப்பம் பிறக்கு?" என்று கேட்டார். என் அம்மாவுக்கும் போன் செய்து சொல்லிவிட்டேன். "எனக்குத் தெரியாம என்னா வேல பாத்திருக்கா மதினி" என்று சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினாள். இனி பந்தியில் அவளே உங்களுக்காகப் பேசிக்கொள்வாள்.

இன்று காலை கன்னியாகுமரிக்குப் போன் செய்தேன். கம்ப்யூட்டரில் செய்திருக்கலாம், மனசு வரவில்லை. நீங்கள் அன்று போட்ட லாட்ஜ் எது என்று கேட்டுவைக்கவில்லை. கடலைப் பார்த்த அறை வேண்டும் என்றேன். ஆடி ஒன்றாம் தேதிக்கு, இரண்டு பேர். உங்கள் பட்டை நான் உடுத்துவேன், பேட்ஜ் அவர் சட்டையில்.

"ஆடி ஒண்ணா? அன்னைக்குக் கூட்டமே இருக்காது, நல்ல ரூமாத் தாரேன்" என்றார் அந்த அண்ணாச்சி. பிறகு, "யார் பேருல போடட்டும்?" என்றார்.

உங்கள் பெயரைச் சொன்னேன். அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை. எழுத்து எழுத்தாகச் சொல்லி, அவர் எழுதி முடிக்கும் வரை லைனிலேயே இருந்தேன்.