ஒரு கண்ணாடி, பன்னிரண்டு தேதி

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். அம்மாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது. நீ வெளியூர் வேலைக்குப் போய் ஐந்து மாதத்தில் இரண்டே கடிதம். வேலை அதிகம் போலிருக்கிறது என்று நானே சமாதானம் சொல்லிக்கொள்கிறேன்.

ஆய்வகத்தில் உன் மேசைக்கு ஒரு புது அக்கா வந்திருக்கிறாள். நீ எழுதிவைத்தபடியே கண்ணாடித் தகட்டை டைட்டானியம் கரைசலில் முக்கி எடுக்கிறாள். ஸ்பிரிட் காயக் காய, உள்ளே இருக்கும் சோப்பு மாதிரிப் பொருள் தானாகவே வரிசை கட்டிக்கொள்ளும், உலையில் வைத்தால் அது எரிந்துபோய், இருந்த இடமெல்லாம் கண்ணுக்குத் தெரியாத துளைகளாக நிற்கும் என்று நீதானே எனக்குச் சொன்னாய்? அவளுக்கு எதுவும் நிற்கவில்லை. நாற்பது தகடும் வெள்ளைப் பொருக்கு. கழுவுகிறவள் நான். முடி கருகின நாற்றம் கையை விடுவதில்லை, சாப்பாடு இறங்குவதில்லை.

நேற்று புரொபசர் எல்லோர் முன்னாலும் உன்னைச் சொல்லி அவளிடம் கத்தினார்: "அவளுக்குப் பன்னெண்டு நாள்ல பன்னெண்டு தகடு, எல்லாம் அச்சுல வார்த்த மாதிரி! உனக்கு இருக்கறது கையா, கரண்டியா?" அவள் கழிப்பறையில் அழுதாள். நான் வெளியே துடைப்பத்தோடு நின்றேன்.

அந்தப் பன்னிரண்டும் எப்படி வந்தது என்று உனக்கும் எனக்கும்தான் தெரியும். என்ன செய்யட்டும்?

உன் தங்கை

*

மார்ச் 15

என் செல்ல ஊமச்சிக்கு,

ஆயிரம் முத்தங்கள். அம்மாவைப் படி ஏற விடாதே.

ஒரு தகடு நன்றாக வந்தது. அதைப் பன்னிரண்டாக வெட்டி, நாளுக்கு ஒன்றாகத் தேதி ஒட்டினோம். அவ்வளவுதானே? நேரம் இருந்திருந்தால் பன்னிரண்டையும் போட்டிருப்பேன். அந்தப் பெண்ணுக்குக் கைராசி இல்லை, விடு.

எத்தனையோ பேர் கேட்டும் உன்னை அங்கே சேர்த்ததே, நீ வாய் திறக்கமாட்டாய் என்றுதான் கண்ணே. அடுத்த வருஷம் உன்னைப் பத்தாவது எழுத வைக்கிறேன். வெட்டும்போது மூலையில் ஒரு சில்லு தெறித்ததே, அதைக் குப்பையில் போட்டுவிட்டாய்தானே?

உன் அக்கா

*

மார்ச் 27

அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு வாய் கொப்பளித்தேன். அப்படி இருந்தது.

நாலு பேர் முன்னால் பேச வராதது என் குறை என்று இத்தனை நாள் வெட்கப்பட்டேன். நீ அதைப் பூட்டு மாதிரி வாங்கி மாட்டியிருக்கிறாய். கண்ணாடி வெட்டும் பேனாவைப் பிடித்தது என் கை. அதனால் என்னைப் பார்த்தாலும் எனக்குக் குமட்டுகிறது.

அந்த ஒரு தகடு ஏன் நன்றாக வந்தது, தெரியுமா? அன்றைக்கு யாரோ பார்வையாளர்கள் வந்தார்கள். அவர்கள் கண்ணில் படக் கூசி, கதவைச் சாத்திக்கொண்டு தரையைச் சொட்டச் சொட்டத் துடைத்துக்கொண்டிருந்தேன். அறை முழுக்க ஈரம். மற்ற நாளெல்லாம் மின்விசிறி, தகடு சட்டென்று காய்ந்துவிடும். நீ ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றே சொல்லியிருப்பேன். உனக்குத் தேதிதான் வேண்டியிருந்தது.

ஏப்ரல் பத்துக்குள் ஒரு தகடாவது வராவிட்டால் புது அக்காவை அனுப்பிவிடுவார்களாம். அதற்குள் புரொபசருக்கு நீயே எழுது.

தங்கை

*

ஏப்ரல் 4

ஊமச்சி,

எழுதமாட்டேன். எழுதினால் இந்த வேலை, பட்டம் எல்லாம் போகும். அம்மா முகத்தை நினைத்துப் பார். ஒன்பதாவதோடு நின்றவள் சொன்னால் அங்கே யார் நம்புவார்கள்? சில்லைத் தூக்கிப் போடு.

அக்கா

*

ஏப்ரல் 11

அக்காவுக்கு,

நேற்று மாலை வரை உனக்காகக் காத்திருந்தேன். பிறகு அலமாரியிலிருந்து உன் பன்னிரண்டு துண்டுகளையும் எடுத்துப் புரொபசர் மேசையில் ஒன்றோடொன்று சேர்த்து வைத்தேன்.

"என்னம்மா இது?"

"ஒரே தகடு சார். நான்தான் வெட்டினேன்."

"அட, நீ பேசுவியா!" என்று சிரித்தார். குனிந்து பார்த்தார். விளிம்போடு விளிம்பு பொருந்தியிருந்தது, நீலமும் ஊதாவும் துண்டுக்குத் துண்டு விடாமல் ஓடியது. சிரிப்பு நின்றுவிட்டது.

இன்று காலை தரையை ஈரமாக்கி, விசிறியை நிறுத்தினோம். புது அக்கா முக்கினாள். உலையிலிருந்து வந்தபோது அதே நீலம். "ஏண்டி, இதை முன்னாடியே சொல்லக் கூடாதா?" என்றாள். நான் அடுத்த தகட்டைக் கழுவ எடுத்தேன். எனக்கு அங்கே இனி வேலை இருக்குமா, தெரியாது.

அம்மாவிடம் நானே சொல்லிவிட்டேன். அழுதாள். உன் கடிதங்கள் இத்துடன் திரும்பி வருகின்றன, வீட்டில் வைத்துக்கொள்ளக் கூசுகிறது.

சில்லைப் பற்றிக் கேட்டாய். குப்பையில் போடவில்லை, என் பென்சில் டப்பாவில் இருந்தது. உன் தகட்டில் ஒரு மூலை மட்டும் காலியாக இருந்தது. அங்கே வைத்துவிட்டு வந்தேன்.