புள்ளி எடுத்த படம்

ஆவணி 9, செவ்வாய்

காற்று. வீடு முழுக்கக் கரிசல் புழுதி. தீப்பெட்டி ஆபீசுக்குப் போகவில்லை. தீக்குச்சியைத் தொடப் பிடிக்கவில்லை. என் மகள் பேச்சி எரிந்துபோய் பதினோரு நாள். புதூருக்கு அங்கிட்டு, கட்டிக்கொடுத்த ஊரில். அடுப்பு வெடித்தது என்று மாப்பிள்ளை வீட்டில் சொன்னார்கள். நம்பினேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் படம் வேண்டும். கல்யாண ஆல்பம் அங்கே. இங்கே இருப்பது என் மகன் முருகன் செல்போனில் எடுத்த ஒன்றுதான். சாவதற்கு எட்டு நாள் முன்னால் வந்திருந்தாள். கரண்ட் இல்லாத சாயங்காலம், சிம்னி விளக்கு. வந்ததிலிருந்து முந்தானையைக் கழுத்தில் சுற்றியே வைத்திருந்தாள். காய்ச்சல் என்றாள். படம் எடுக்கையில் ஏதோ சிரிப்பு, முந்தானை நழுவிவிட்டது.

கோவில்பட்டியில் ஸ்டுடியோ வைத்திருக்கிற பாய் கம்ப்யூட்டரில் பெரிதாக்கினார். முகமெல்லாம் மணல் அள்ளிப் போட்ட மாதிரி. சிவப்பு, பச்சை, நீலப் பொடி. இருட்டில் எடுத்தால் அப்படித்தானாம். அதற்கு நாய்ஸ் என்று பேர், எடுக்க மூன்று சாப்ட்வேர் இருக்கிறது என்றார். ஒன்று எல்லாவற்றையும் வழித்துவிடும். ஒன்று சாம்பிள், படத்துக்கு மேலேயே தன் பேரை எழுதிவிடும். மூன்றாவது மெதுவானது. எந்த இடத்தில் எவ்வளவு எடுக்க என்று நாம்தான் சொல்லவேண்டும்.

முதலாவதே போதும் என்றேன். எல்லாப் புள்ளியும் போகட்டும், கழுத்தில் நீலமாகத் திட்டு கிடக்கிறதே, அதுவும். பாய் திரையில் இருந்த அளவுக் கோட்டைக் கடைசி வரை இழுத்துவிட்டார். மெழுகுப் பொம்மை மாதிரி வந்தாள். எனக்கு அழகாகத்தான் தெரிந்தது. இரண்டு படம் போட்டு வாங்கினேன்.

ஆவணி 14, ஞாயிறு

பதினாறு, மாப்பிள்ளை வீட்டில். நல்ல வெயில். ஒரு படத்தை மாப்பிள்ளை கையில் கொடுத்தேன். மாலை போட்டான். அழுதான்கூட.

கை கழுவும் இடத்தில் பக்கத்து வீட்டுக்காரி என் காதோடு சொன்னது:

“அடுப்பு வெடிச்சா எங்க சுவத்துக்குக் கேக்காதாக்கா? அவ கத்துனது கேட்டுச்சு. பொறவு கத்தல. அதுக்குப் பொறவுதான் பொகை வந்துச்சு.”

இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அவளும் அந்தத் தெருவில்தானே குடியிருக்க வேண்டும் என்றாள்.

பஸ்ஸில் பல்லைக் கடித்துக்கொண்டே வந்தேன். இறங்கித் துப்பினால் ரத்தம்.

ஆவணி 16, செவ்வாய்

முருகனோடு ஸ்டேஷனுக்கு. பிராது கொடுத்தேன். இன்ஸ்பெக்டர் மேஜை டிராயரைத் திறந்து ஒரு படத்தை எடுத்துப் போட்டார். நான் கொடுத்த படம். அவன் முந்திக்கொண்டு வந்து கொடுத்திருக்கிறான். மூலையில் தேதியும் இருக்கிறது.

“சாகுறதுக்கு எட்டு நாளைக்கு முன்ன எடுத்தது. சிரிச்சிட்டுத்தான இருக்கு ஒம் மக? மேல ஒரு கீறல் உண்டாம்மா?”

கழுத்து பளிச்சென்று இருந்தது. அங்கனதான் உறைத்தது. அந்த நீலம் புள்ளி இல்லை, கன்றிப்போன தடம். நான்தான் எடுக்கச் சொன்னேன். என் வாயால்.

வீட்டுக்கு வந்து சுவரில் மாட்டியிருந்த இன்னொரு படத்தைக் கையால் குத்தினேன். இரண்டு, மூன்று தடவை. கண்ணாடி விரலில் இறங்கிவிட்டது. தடுக்க வந்த முருகனையும் அடித்தேன். அரிவாளை எடுத்துக் கல்லில் தேய்த்தேன். ஒரே வெட்டு, கழுத்தில், அந்த மாப்பிள்ளை கழுத்தில். முருகன் பிடுங்கிக்கொண்டு சொன்னான், “வெட்டுனா ஒரு நிமிசத்துல செத்துருவான். ஒனக்கு அது போதுமாம்மா?”

போதாது.

ஆவணி 17, புதன்

கையில் கட்டு. முருகன் போனில் பழைய படம் இல்லை, இடம் போதவில்லை என்று அழித்துவிட்டானாம். திரும்ப ஸ்டுடியோ. முதலில் கொடுத்த படம் இருக்கிறதா என்று கேட்டேன்.

“வந்த படத்துல நான் கை வைக்க மாட்டேன்க்கா. நகல்லதான் வேல பாப்பேன்,” என்றார் பாய். அது இருந்தது. உட்கார்ந்துவிட்டேன், தரையிலேயே.

அப்படியே பெரிதாக்கினால் வெறும் மணல். ஒன்றும் புரியவில்லை. மூன்றாவது சாப்ட்வேர்தான். சுவரில் நிறைய, சேலையில் நிறைய. முகத்தில் கொஞ்சம். கழுத்தில் பாய் நிறுத்திவிட்டு மௌசை என்னிடம் தந்தார். மயிரிழை கூட்டினால் திட்டு மறைகிறது. குறைத்தால் மணலுக்குள் போகிறது. கட்டுப் போட்ட கை வழுக்குகிறது. மத்தியானம் ஆகிவிட்டது.

வந்தது. ஒரு பக்கம் நாலு, வரிசையாக. மறு பக்கம் ஒன்று, தடியாக.

பாய் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். நான் மௌசை விடவில்லை. அவன் குரல்வளை மாதிரி பிடித்திருந்தேன்.

நாளை மறுநாள் ஸ்டுடியோவுக்குக் கொண்டுபோக:
பேச்சி ஜாக்கெட். படத்தில் போட்டிருப்பது. கொக்கி வைக்க இங்கே விட்டுப்போனது.
தையல் டேப்.
முருகன் லீவு போட.

ஆவணி 19, வெள்ளி

நிஜ அளவில் படம் வேண்டும் என்றேன். ஜாக்கெட் கை ஜரிகையும் படத்து ஜரிகையும் ஒரே அகலம் வரணும். முதல் பிரிண்ட் சிறியது. இரண்டாவது சரியாக வந்தது. மேலே ஜாக்கெட்டை வைத்ததும் நிஜமாகவே அவள் படுத்திருக்கிற மாதிரி. பார்க்க முடியவில்லை. பார்த்தேன்.

தொடாத படத்தை சிடியில் போட்டுக் கொடுத்தார். எங்கெங்கே எவ்வளவு எடுத்தார் என்று தாளில் எழுதிக் கையெழுத்தும் போட்டார். கேட்டால் ஸ்டேஷனுக்கு வாரேன் என்றார்.

ஆவணி 22, திங்கள்

மூட்டம். மழை இல்லை. ஸ்டேஷனுக்கு மாப்பிள்ளையையும் வரச் சொல்லியிருந்தார்கள். முழுக்கைச் சட்டை, சந்தனப் பொட்டு. சிடி, தாள் இரண்டையும் இன்ஸ்பெக்டரிடம் கொடுத்து, படத்தை மேஜையில் விரித்தேன். பக்கத்தில் ஜாக்கெட்.

அவன் எட்டிப் பார்த்துவிட்டு, “அது இருட்டுல விழுந்த புள்ளி சார்” என்றான்.

எனக்குக் கத்தத் தோன்றவில்லை. “வெறும் புள்ளின்னா இவனுக்கு என்னய்யா பயம். இவன் கைய அதுமேல வச்சுப் பாக்கச் சொல்லுங்க. அவ கழுத்து அளவுதான் அது.”

இன்ஸ்பெக்டர் ஜரிகையைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். தாளை இரண்டு தடவை படித்தார். பிறகு அவனைப் பார்த்து மேஜையைக் காட்டினார்.

கொண்டுவந்து வைத்தான். மூடின கையை.

“வெரல விரிலே” என்றார் இன்ஸ்பெக்டர்.