திருப்பிச் சுற்ற முடியாத கடல்

என் வசந்தி அக்காவுக்கு,

நேற்று உன் சாம்பலைத் தேவிபட்டினத்தில் கரைத்துவிட்டு வந்தோம். காய்ச்சலென்று படுத்தவள், எழுந்திருக்கவே இல்லையே நீ. எரித்த மறுநாளே கடலுக்குப் போயிருக்க வேண்டும். அம்மாதான் சாம்பல் கலயத்தைப் பிடுங்கிக்கொண்டுபோய் நம் வயற்காட்டு வேம்பில் கட்டிவிட்டாள். அய்யா கெஞ்சிப் பார்த்தார். அவள் கேட்கவில்லை.

"கரைச்சுட்டா எம்மகளை எங்கன போய்த் தேடுறது?"



தை அறுப்பு முடிந்து ஒருநாள் அம்மா என்னைக் கூப்பிட்டாள். "ஏலே முருகேசு, ஒங்கக்கா கிளிசரின வச்சு ஒண்ணு காட்டுனாளே, அதைச் சொல்லு."

திரவங்கள் எப்படிக் கலக்கின்றன என்கிற கணக்கைத்தானே நீ சென்னையில் படித்தாய். போன வருசப் பொங்கலுக்கு வந்தபோது கண்ணாடிக் குவளைக்குள் ஒரு குழாயை நிறுத்தி, சுற்றிலும் கிளிசரின் ஊற்றி, ஒரு சொட்டு சிவப்புச் சாயம் விட்டாய். குழாயை மெல்லச் சுற்றியதும் சொட்டு இழுபட்டு, நூலாகி, காணாமல் போனது. அதே அளவு திருப்பிச் சுற்றினாய். சொட்டு பழைய இடத்துக்கே வந்து நின்றது. அம்மா வாயில் கைவைத்துக்கொண்டாள். நீ சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

"அப்ப கடல்ல கரைச்சாலும் திரும்ப வருவாள்ல?" என்றாள் அம்மா.

 கெட்டியாக, மெதுவாக நகர்வதால்தான் கிளிசரினில் அது நடக்கிறது, கடல் இழுத்து இழுத்து மடித்துவிடும், அதைத் திருப்ப யாராலும் ஆகாது என்று அன்றைக்கே சொன்னவள் நீ. உன் படிப்பை வைத்துப் பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"வரமாட்டாம்மா."

நீ போன அன்றுகூட அழாதவள், அப்போதுதான் அழுதாள். பிறகு அவளே போய்க் கலயத்தை அவிழ்த்தாள்.

கடலிலும் அவள்தான் முதலில் இறங்கினாள். பொம்பளை இறங்கக்கூடாது என்று சொல்ல யாருக்கும் துணிவில்லை. சாம்பல் வெளுப்பாகக் கொஞ்சநேரம் மிதந்தது. அய்யா தண்ணீரை அளைந்துவிடக் கையை நீட்டினார்.

"கலக்காதீக. அவளாப் போகட்டும்."

இடுப்பளவுத் தண்ணீரில் மூவரும் நின்றோம். வெளுப்பு நீண்டது, வளைந்தது, மெலிந்தது. எந்த நொடியில் மறைந்தாய் என்று எனக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரிந்ததா?

வீட்டுக்கு வந்து அம்மா ஒருவாய் கஞ்சி குடித்தாள். விடிந்ததும் மறுபடி கேட்டாள், "இந்நேரம் எங்கன இருப்பா?" தெரியலம்மா என்றேன்.

இனியும் கேட்பாள். கேட்கிறபோதெல்லாம் உள்ளதைத்தான் சொல்வேன். சொல்லிவிட்டு எழுந்து போகமாட்டேன், அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். இது சத்தியம்.

உன் கூடப்பிறந்தவன்,
முருகேசன்