இரண்டிலும் சிவப்பு

வைகாசி, செவ்வாய். விடுப்பில், சங்ககிரி.

எனக்குப் பார்த்திருக்கும் பெண்ணுக்காக அம்மா இன்று கோயிலில் பூ கேட்டாள். வெள்ளை வந்தால் கல்யாணம், சிவப்பு வந்தால் வேண்டாம். பொட்டலங்களை மடித்தது அக்கா. சிவப்பு வந்தது. அம்மாவுக்கு முகமே செத்துவிட்டது.

திரும்பும்போது அக்கா என்னோடு பின்தங்கினாள்.

“ரெண்டுலயும் செவப்புதான் வெச்சேன் சாமி.”

“ஏனக்கா?”

“போன லீவுக்குப் பட்டாளத்துல இருந்து உங்கூட வந்தாரே, அவரைப் பஸ் ஏத்தி உட்டுட்டு நீ நின்னதப் பாத்தனே. நல்லா இருக்காராடா?”

தலையாட்டினேன்.

ஒருமுறை பார்த்த அக்காவுக்கே தெரிந்திருக்கிறது. முகாமில் தினமும் பார்க்கிறார்களே. எங்கள் இருவருக்கும் எப்போதும் சேர்த்தே காவல் போடுகிற ஹவில்தாருக்கு? அவரும் தெரிந்தேதான் போடுகிறாரோ.