நரை விழாத வீடு

குற்றாலத்தில் பஸ் நின்றதும் குளித்துவிட்டு ஈரத்தலையோடு ஒரு கூட்டம் ஏறியது, அதில் நானும். பஸ் முழுக்க நல்லெண்ணெய் வாசனை. எல்லாருக்கும் சீசன் சந்தோஷம். எனக்கு மட்டும் எரிச்சல் வந்தது, உன்மேல்தான். கூப்பிடு தூரத்தில் இலஞ்சியில் இருந்துகொண்டு, உன் அப்பா வெட்டுப்பட்டு விழுந்த நாளிலிருந்து ஒருதடவைகூட அருவியில் தலையைக் காட்டாமலே போய்விட்டாயே.

"அருவிக்குள்ள நின்னா கண்ணு தெரியாது, காது கேக்காது. வெட்ட வாறவனுக்கு வேறென்னலே வேணும்?" என்பாய். வாய்க்கால் தண்ணீருக்காக உன் தாத்தா காலத்தில் தொடங்கிய பகை. இரண்டு வீட்டிலும் மாறி மாறி ஆள் விழுந்தது. உன் வீட்டுச் சுவரில் மாலை போட்ட மூன்று படங்களிலும் கன்னங்கரேலென்ற முடி. "எங்க வீட்டு ஆம்பளையளுக்கு நரைக்காதுலே" என்று சிரிப்பாய். உன் மனைவி, நான் மதினி என்று கூப்பிடுகிறவள், சிரிக்க மாட்டாள்.

எழுபதுகளின் கடைசியில் நான் தென்காசியில் இன்சூரன்ஸ் ஏஜெண்டாக அலைந்துகொண்டிருந்தேன். மதினி வற்புறுத்தித்தான் உனக்குப் பாலிசி எழுத வந்தேன். கதவுக்கு மூன்று தாழ்ப்பாள். ஒவ்வொன்றாகத் திறந்தாய், நான் நுழைந்ததும் ஒவ்வொன்றாகப் போட்டாய். முப்பத்தைந்து வயதில், வயல் அறுப்பைக்கூட ஜன்னல் வழியாக ஆள் ஏவித்தான் நடத்திக்கொண்டிருந்தாய்.

படிவத்தில் ஒரு பகுதி உண்டு: குடும்பத்தில் இறந்தவர்கள், வயது, காரணம். நீ சாவகாசமாகச் சொன்னாய். "தாத்தா முப்பத்திநாலு, வெட்டு. சித்தப்பா இருவத்தொம்பது, வெட்டு. அப்பா முப்பத்தெட்டு..." அப்படியே எழுதினால் கம்பெனி திருப்பி அனுப்பிவிடும் என்று மூன்று பேருக்கும் 'நெஞ்சுவலி' என்று போட்டேன். பெரிய புத்திசாலி என்று நினைப்பு எனக்கு.

ஒரு மாதத்தில் கடிதம் வந்தது. பரம்பரை இருதய நோய் இருக்கலாமாம், திருநெல்வேலிக்குப் போய் இ.சி.ஜி. எடுத்து அனுப்ப வேண்டுமாம். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். "ஏலே, எங்கப்பாவுக்கு நெஞ்சுவலி வர வச்சிட்டியே!" மதினி மட்டும், "ஒரு எட்டு போயிட்டு வந்துரலாம்லா" என்றாள். நீ என்னைப் பார்த்தாய். அவ்வளவு தூரம் பஸ்ஸில் போக உனக்குப் பயம். உன்னைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, "அது நான் எழுதுன பொய், மதினி. இவன் நெஞ்சுக்கு என்ன கேடு? விடுங்க" என்றேன். படிவம் அதோடு கிடப்பில் போயிற்று.

அப்பாவின் வயதை நீ தாண்டிய வருஷம், உடனே வரச்சொல்லி ஆள் அனுப்பினாய். பதறிக்கொண்டு ஓடிவந்தேன். கையில் கண்ணாடியோடு நின்றாய். "பாருலே, காதுக்கு மேல. ரெண்டு நரை!" உன் முகத்தில் அப்படியொரு சிரிப்பை நான் பார்த்ததே இல்லை. "இந்த சீசனுக்கு அருவிக்குப் போறோம். நீ பின்னால நின்னு ஆள் வருதான்னு பாத்துக்கோ. நான் கண்ண மூடிக்கிட்டு குளிக்கேன்." மதினி அன்றைக்கே எண்ணெய் வாங்கி வைத்தாள்.

சாரல் தொடங்க ஒரு வாரம் இருந்தது. நீ கட்டிலிலேயே போய்விட்டாய். மூன்று தாழ்ப்பாளையும் திறந்து ஆளைக் கூப்பிட நேரமாகிவிட்டது என்று சொல்லிச் சொல்லி அழுதாள் மதினி. உன் உடம்பில் ஒரு கீறல் இல்லை. நெஞ்சுவலி என்று டாக்டர் எழுதினார். ஒவ்வொரு காலடிச் சத்தத்துக்கும் இருபது வருஷம் பதறிக்கொண்டிருந்த நெஞ்சு அது. அந்தக் காகிதத்தை என்னிடம் தந்திருந்தால் 'வெட்டு' என்றுதான் எழுதியிருப்பேன். இ.சி.ஜி.க்கு உன்னைப் போகவிடாத என் வாயை என்ன செய்வது என்றுதான் இன்றுவரை தெரியவில்லை.

அந்த சீசனில், உனக்கென்று வாங்கிய எண்ணெயை மதினியிடம் கேட்டு வாங்கித் தேய்த்துக்கொண்டு அருவியில் போய் நின்றேன். உனக்காக ஒருதடவை கண்ணை மூடிக் குளிக்க வேண்டும் என்று ஆசை. முடியவில்லை. இன்று காலையிலும் முடியவில்லை. எனக்கு எதிரி என்று ஒருவரும் கிடையாது, தலையும் முழுக்க நரைத்துவிட்டது. ஆனாலும் எண்ணெய் இறங்கிக் கண் எரிய எரிய, பின்னால் வருகிற ஒவ்வொருவரையும் பார்த்துக்கொண்டுதான் நிற்கிறேன்.