பதினான்காம் தேதி அலைவரிசையில்

சலாத்திகா, 5 நவம்பர் 1971

அன்புத் தம்பி ஹர்த்தோயோவுக்கு,

மூன்று வாரமாக வானொலியில் உன் குரலே இல்லை. தீவில் வாத்தியார் வேலை கிடைத்ததும் அண்ணனை மறந்துவிட்டாயா? ராணுவத்தார் எடைக்குப் போட்ட பழைய டாங்கி டிரான்ஸ்மிட்டரை நம் அலைவரிசைக்கு மாற்றிவிட்டேன். மருந்து பாட்டிலின்மேல் புதிதாகக் கம்பிச்சுருள் சுற்றினேன். ஆன்டெனாக் கம்பி இலவமரத்திலிருந்து தண்ணீர்த் தொட்டிவரை இருபது மீட்டர். போன மாதம் பதினான்காம் தேதி மாலை முதன்முதலாக ஓட்டினேன். சத்தம் அங்கே வந்ததா? உன் லஸ்தாரிக்கு என்ன குழந்தை? உன் அண்ணி தினமும் கேட்டு என் உயிரை வாங்குகிறாள்.

உன் அண்ணன்,
வஹோனோ

சவும்லாக்கி, 2 டிசம்பர் 1971

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் கப்பலில் வந்தது. லஸ்தாரி இல்லை, அண்ணா. அதே பதினான்காம் தேதிதான். பெண் குழந்தை பிழைத்துக்கொண்டது. "ரத்தம் நிக்கல வாத்தியாரே, டாக்டரைக் கூப்பிடுங்க" என்றாள் மருத்துவச்சி. பக்கத்துத் தீவில் டாக்டரோடு ஒரு கப்பல் நின்றது. ஆம்போன் துறைமுகத்தில் நம் அலைவரிசையைக் கேட்கும் லத்துஹேரு காதில் என் குரல் விழுந்திருந்தால் அதைத் திருப்பியிருப்பார். நம் வழக்கமான நேரத்தில் கூப்பிட்டேன். யாரோ ஒருவர் பெரிய டிரான்ஸ்மிட்டரை அதே அலைவரிசையில் வைத்து ஒரு மணி நேரம் சரிபார்த்துக்கொண்டிருந்தார்; என் குரல் அதில் அமுங்கிப்போனது. என் பேட்டரி தீர்ந்தது. கப்பலும் போய்விட்டது.

ஹர்த்தோயோ

சலாத்திகா, 28 டிசம்பர் 1971

தம்பி,

அந்த யாரோ ஒருவர் நான்தான்.

ஆன்டெனாவைக் கழற்றி அதற்குப் பதில் ஒரு பல்பை மாட்டி அதில்தான் சரிபார்க்க வேண்டும். வெளியே சத்தம் போகாது. அன்று பல்பு ஃப்யூஸ் போயிருந்தது. கடை அடுத்த தெருவில்தான். பத்து நிமிட வேலைக்கு எதற்கு என்று ஆன்டெனாவிலேயே சரிபார்த்தேன். உன் அண்ணி சாப்பிடக் கூப்பிட்டாள். "இரு, இப்பதான் மீட்டர் முள்ளு ஏறுது" என்றேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நடுவில் நிறுத்தியபோது மெல்லியதாக உன் குரல் கேட்டது. வார்த்தை புரியவில்லை. தம்பிதானே, என் புதுச் சத்தத்தைக் கேட்டு அசரட்டும் என்று மறுபடி பொத்தானை அழுத்தினேன். அப்போது வாயை மூடிக்கொண்டு ஒரு நிமிடம் கேட்டிருக்கலாம். என்னை என்ன வேண்டுமானாலும் சொல். வந்து காலில் விழவும் தயார்.

பாவி,
வஹோனோ

சவும்லாக்கி, 30 ஜனவரி 1972

வஹோனோ அண்ணனுக்கு,

அன்றைக்கே எனக்குத் தெரியும். சலாத்திகாவில் இருந்தபோது உங்களுக்கு டிரான்ஸ்ஃபார்மர் சுற்றிக் கொடுத்தவன் நான். உங்கள் சத்தத்தோடு கலந்து வரும் அதன் உறுமல் எனக்குத் தெரியாதா? நீங்களாகச் சொல்கிறீர்களா பார்க்கலாம் என்றுதான் யாரோ என்று எழுதினேன். மறைத்திருந்தால் நிம்மதியாக வெறுத்திருப்பேன். அதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டீர்கள்.

என் ரேடியோவைத் துறைமுகத்துக்குக் கொடுத்துவிட்டேன். நீங்கள் வர வேண்டாம். குழந்தை வளர்ந்ததும் அம்மா எப்படிப் போனாள் என்று கேட்பாள். உங்கள் பெயரை விட்டுவிட்டுச் சொல்லத்தான் ஆசைப்படுகிறேன். அந்தப் பெயரை அவள் இந்த வீட்டில் கேட்டுப் பழகியிருந்தால் என்னால் அதை மறைத்துச் சொல்ல முடியாது. அதனால் இனி எழுதாதீர்கள், அண்ணா.

ஹர்த்தோயோ